ஒன்பது வருட லோராசிபாம், பதினான்கு மாதக் குறைப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

லோராசிபாம் என்ற தூக்க மாத்திரையை மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்திய கதை இது. ஆனால் ஒரே நபரின் கோப்பு அல்ல. முதியோர் சிகிச்சையில் திரும்பத் திரும்ப வரும் நிலைமைகளை ஒருவர்மேல் ஏற்றி எழுதிய கூட்டு நிகழ்வு. மருந்துகள், அளவுகள், முடிவுகளுக்கான காரணங்கள் எல்லாம் நடைமுறையில் உள்ளபடியே. ஆனால் இங்கே வரும் அளவுகளைப் பார்த்து யாரும் தானாகக் குறைக்கத் தொடங்க வேண்டாம். அது ஏன் என்பது படிக்கும்போதே புரியும்.

வந்த காரணம்

74 வயது ஆண், ஓய்வுபெற்ற கணக்காளர். அதிகாலை மூன்று மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்தவர் குளியலறை வாசலில் விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். எலும்பை நேராக்கிக் கட்டுப்போட்டு அனுப்பிவிட்டார்கள். விஷயம் அதோடு முடிந்திருக்கும். "கையைப் பார்த்தாங்க, சரி. அப்பா ஏன் விழுந்தார்னு யாருமே கேட்கலையே" என்று மகள் பிடிவாதமாக இருந்ததால்தான் எங்களிடம் வந்தார்கள். விழுந்தது அதுதான் முதல் தடவை. தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டது பல தடவை நடந்திருந்தது.

மருந்துப் பட்டியலைக் கேட்டோம். ஒரு பிளாஸ்டிக் பை நிறைய அட்டைகளை மேசைமேல் கொட்டினார் மனைவி. காலையில் ஆம்லோடிபின், ஆஸ்பிரின், அடோர்வாஸ்டாடின். இரவில் ரத்த அழுத்தத்துக்கு இன்னொன்று, ஹைட்ரோகுளோரோதயசைடு. புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின், அதுவும் இரவில். "மூக்கு ஒழுகுது" என்று எப்போதோ ஆரம்பித்த குளோர்பெனிரமின். மணிக்கட்டு வலிக்குப் புதிதாகச் சேர்ந்த டிராமடால். எல்லாவற்றுக்கும் அடியில், ஒன்பது வருடமாக ஒருநாள்கூட விடாத லோராசிபாம் 2 மி.கி.

"இது மருந்து இல்லை டாக்டர், தூக்க மாத்திரை" என்று அந்த அட்டையை மட்டும் தனியாக எடுத்து வைத்தார். பெரும்பாலான வீடுகளில் இதை மருந்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. நேரடியாகப் பெயர் சொல்லிக் கேட்காவிட்டால் பட்டியலுக்குள் வராது.

தொடங்கிய கதையும் பழக்கமானதுதான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்தபோது இரவில் தூக்கம் வரவில்லை, 1 மி.கி. கொடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது எழுதிய சீட்டிலும் அது இருந்தது. எத்தனை நாளைக்கு என்று அதில் இல்லை. நான்கு வருடத்துக்கு முன் "முன்ன மாதிரி வேலை செய்யலை" என்று சொன்னதும் 2 மி.கி. ஆயிற்று. அதன்பின் சீட்டு புதுப்பிக்கப்பட்டதே தவிர, யாரும் கேள்வி கேட்கவில்லை.

இந்தக் கதையில் எங்கள் கவனத்தை இழுத்தது வேறொரு சம்பவம். இரண்டு வருடத்துக்கு முன் வெளியூர்ப் பயணத்தில் மாத்திரையை வீட்டிலேயே மறந்துவிட்டார். இரண்டு இரவு கண்ணை மூடவில்லை. வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, சின்னச் சத்தம்கூடக் காதைக் குத்தியது. மூன்றாம் நாள் எப்படியோ மாத்திரை கிடைத்தது, போட்டார், தூங்கினார். அன்றிலிருந்து அவருக்கு ஒரு தீர்மானம்: "இது இல்லாமல் எனக்குத் தூக்கமே கிடையாது."

அவர் சொன்ன அனுபவம் முழுக்க உண்மை. அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தவறு. நடுக்கமும் வியர்வையும் தூக்கமின்மை நோயின் அறிகுறிகள் அல்ல. மருந்தைச் சட்டென்று நிறுத்தியதால் வந்த விலகல் அறிகுறிகள் அவை. உள்ளே உறங்கிக்கொண்டிருந்த பழைய நோய் வெளியே வந்ததாக அவர் நினைத்தார். உண்மையில் அன்று வெளியே வந்தது மருந்து தானே உண்டாக்கிய சார்பு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வைப்பதுதான் இந்தச் சிகிச்சையில் பாதி வேலை என்பது என் கருத்து. அதைச் செய்யாமல் அளவைக் குறைக்கத் தொடங்கினால், முதல் கெட்ட இரவிலேயே நோயாளிக்குத் தன் பழைய தீர்மானம் நிரூபணமாகிவிடும்.

பரிசோதனை

படுத்திருக்கும்போது ரத்த அழுத்தம் 138/80. எழுந்து நின்ற மூன்றாம் நிமிடத்தில் 112/70. மேல் அளவு 20 குறைந்தாலே நிலைமாற்றத் தாழ்வழுத்தம் என்போம், இவருக்கு 26. நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார 17 விநாடி ஆயிற்று. 12 விநாடி தாண்டினாலே விழும் ஆபத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். மான்ட்ரியல் அறிவாற்றல் சோதனையில் 30-க்கு 22. தூக்கமின்மைத் தீவிரக் குறியீடு 28-க்கு 17. அதாவது தினமும் தூக்க மாத்திரை எடுப்பவருக்கு மிதமான தூக்கமின்மை. இந்த எண்ணைக் காட்டியபோது அவரே கொஞ்சம் யோசித்தார்.

ரத்தத்தில் சோடியம் 129, அதாவது குறைவு. தைராய்டு, இரும்புச் சேமிப்பு, சர்க்கரை எல்லாம் சரி. குறட்டை உண்டு என்று மனைவி சொன்னதால் வீட்டிலேயே செய்யும் மூச்சுத்திணறல் சோதனை செய்தோம். லேசானதுதான், பக்கவாட்டில் படுத்தால் போதும் என்ற அளவு. மதுப்பழக்கம் உண்டா என்று மனைவி இல்லாதபோது தனியாகக் கேட்டோம். இல்லை. வலிப்பு எப்போதும் வந்ததில்லை. மனச்சோர்வு இல்லை.

முதலில் தொட்டது லோராசிபாமை அல்ல

இந்த வரிசை முக்கியம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

129 சோடியத்தோடு ஒருவருக்கு பென்சோடயசிபைனை, அதாவது லோராசிபாம் சேர்ந்த மருந்து வகையை, குறைக்கக் கூடாது. சோடியம் குறைந்தால் வலிப்பு எளிதில் வரும். இந்த வகை மருந்தை வேகமாகக் குறைத்தாலும் வலிப்பு வரும். டிராமடாலும் வலிப்பை எளிதாக்கும், போதாததற்குச் சிலருக்குச் சோடியத்தையும் குறைக்கும். மூன்றும் ஒரே உடலில். அதுவும் தவிர, டிராமடால் போன்ற ஓபியாய்டு வலி மருந்தும் பென்சோடயசிபைனும் சேர்ந்தால் மூச்சு மட்டுப்படும் ஆபத்துக்காக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016-லேயே இரண்டு வகை மருந்துகளுக்கும் கட்டம்கட்டிய எச்சரிக்கை போட்டது. டிராமடாலை அன்றே நிறுத்தினோம். பாராசிட்டமால் போதுமானதாக இருந்தது.

ஹைட்ரோகுளோரோதயசைடு சிறுநீரைக் கூட்டும் மருந்து, அது சோடியத்தைக் கரைத்துக்கொண்டிருந்தது. அதை இரவில் கொடுப்பதால் சிறுநீர் இரவில் பிரிகிறது. இரவில் நாலு தடவை எழுந்திருக்கும் ஒருவருக்கு "ஆழ்ந்த தூக்கம் இல்லை" என்று மாத்திரை கூட்டியிருக்கிறார்கள். அதையும் நிறுத்தினோம். நிற்கும்போது அழுத்தம் இவ்வளவு விழுபவருக்குப் பதிலாக இன்னொரு அழுத்த மருந்து தேவைப்படவில்லை. குளோர்பெனிரமின் புராஸ்டேட் வீங்கியவருக்குச் சிறுநீரைத் தடுக்கும், வயதானவருக்கு மறதியையும் குழப்பத்தையும் கூட்டும். அதுவும் போயிற்று.

மூன்று வாரத்தில் சோடியம் 136. இரவில் எழுவது நாலிலிருந்து இரண்டாயிற்று. லோராசிபாம் இன்னும் அதே 2 மி.கி.தான். "தூக்கம் கொஞ்சம் தேவலை" என்று அவரே சொன்னார். இது எங்களுக்குக் கிடைத்த பெரிய அனுகூலம். மாத்திரையை மாற்றாமலே தூக்கம் மாறலாம் என்பதை அவர் தன் உடம்பிலேயே பார்த்துவிட்டார்.

நிறுத்துவதா என்ற பேச்சு

மனைவி எதிர்த்தார். நோயாளியைவிட உறுதியாக எதிர்த்தார். தினமும் இரவு எட்டு மணிக்கு மாத்திரையும் தண்ணீரும் எடுத்துக் கொடுப்பவர் அவர். "அவர் தூங்கலைன்னா நானும் தூங்க முடியாது டாக்டர். நீங்க குறைக்கிறேன்னு சொல்றீங்க, அந்த ராத்திரிகளை நான்தானே கடத்தணும்?" என்றார். நியாயமான கேள்வி. வழிகாட்டு நெறிகளில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவருக்கு இடமில்லை. அதனால் மோசமான வாரங்களில் மகள் மாறி மாறி வந்து தங்குவது என்று முதலிலேயே பேசி வைத்தோம். பிறகு அது உண்மையாகவே தேவைப்பட்டது.

அவர் கணக்கு மனிதர், அதனால் எண்களாகவே பேசினோம். 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த தூக்க மருந்து ஆய்வுகளைத் திரட்டி 2005-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. 13 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குத் தூக்கம் மேம்படுகிறது. 6 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குப் பாதகம் வருகிறது. அவர் இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டு, "அப்ப நஷ்டக் கணக்கு" என்றார். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பியர்ஸ் பட்டியல் 2023-லும் இந்த வகை மருந்துகளை முதியவர்களுக்குத் தவிர்க்கவே சொல்கிறது. ஸோல்பிடெம் போன்ற வேறு வகைத் தூக்க மாத்திரைகளும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. 'பென்சோ இல்லை, அதனால் பாதுகாப்பு' என்று அவற்றுக்கு மாற்றிக்கொள்வதில் லாபமில்லை.

மருந்தின் செயலையும் சொன்னோம். மூளையின் செயலை அடக்கும் இயற்கை வேதிப்பொருள் காபா. லோராசிபாம் தானாக மூளையை அடக்குவதில்லை. காபா ஒட்டும் ஏற்பியில் இன்னொரு இடத்தில் உட்கார்ந்து, காபாவின் வேலையைப் பெருக்குகிறது. இது மாதக்கணக்கில் நடந்தால் மூளை அதை ஈடுகட்டத் தன் பக்கத்தில் கிளர்ச்சியைக் கூட்டிக்கொள்கிறது. தூக்கம் தரும் பலன் சில வாரங்களிலேயே மங்கத் தொடங்குகிறது. மருந்தைச் சட்டென்று எடுத்தால் கூட்டிவைத்த கிளர்ச்சி மட்டும் மிஞ்சும். அதுதான் பயணத்தில் அவர் பட்ட இரண்டு இரவு. "அப்ப அது என் வியாதி இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றோம். இந்த ஒரு பதில்தான் அவரை அசைத்தது, புள்ளிவிவரங்கள் அல்ல.

அன்று முடிவெடுக்கச் சொல்லவில்லை. எழுதிய தகவல் தாளைக் கொடுத்து அனுப்பினோம். கனடாவில் காரா டானன்பாம் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வில், முதியவர்களின் கையிலேயே தகவல் கையேட்டைக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் கழித்துப் பார்த்தார்கள். கையேடு பெற்றவர்களில் 27 சதவீதம் பேர் நிறுத்தியிருந்தார்கள், பெறாதவர்களில் 5 சதவீதம். வெறும் தாளுக்கு இந்தப் பலன் என்றால், மருத்துவர் அதட்டுவதைவிட நோயாளி தானே படித்து முடிவெடுப்பது மேல். பதினைந்து நாளில் அவரே வந்தார். "பார்த்துடலாம். ஆனா வேகத்தை நான் சொல்வேன்" என்றார். ஒப்புக்கொண்டோம்.

டயசிபாமுக்கு ஏன் மாறவில்லை

பலர் கேட்கும் கேள்வி இது. பிரிட்டனின் நியூகாசிலில் ஹெதர் ஆஷ்டன் 1982 முதல் 1994 வரை நடத்திய விலகல் மருத்துவமனையின் முறை, உடலில் குறைந்த நேரமே நிற்கும் மருந்தை அதே வகையைச் சேர்ந்த டயசிபாமாக மாற்றி, பிறகு அதைக் குறைப்பது. அவர் கணக்கில் 1 மி.கி. லோராசிபாம் ஏறக்குறைய 10 மி.கி. டயசிபாமுக்குச் சமம். இவருடைய 2 மி.கி. என்றால் 20 மி.கி. டயசிபாம். சின்ன மாத்திரை என்பதால் சின்ன அளவு என்று நினைத்திருந்தவர் இதைக் கேட்டுத் திடுக்கிட்டார்.

டயசிபாம் ரத்தத்தில் நீண்ட நேரம் நிற்பதால் ஏற்ற இறக்கம் குறைவு. இளையவர்களுக்கு, அல்லது ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவிலேயே விலகல் தெரிபவர்களுக்கு, நல்ல வழி. ஆனால் அந்த நீண்ட நேரமே முதியவருக்குப் பாதகம். வயது ஏற ஏற டயசிபாம் வெளியேறும் வேகம் குறைந்துகொண்டே போகும், 70 தாண்டியவரிடம் பாதி அளவு வெளியேறவே மூன்று நாள் ஆகலாம். அதன் வேதிச் சிதைவுப் பொருளுக்கும் அதே விளைவு உண்டு. லோராசிபாம் கல்லீரலில் எளிய முறையில் இணைந்து வெளியேறும், வயது அதை அதிகம் பாதிப்பதில்லை, மிச்சப் பொருளுக்கு விளைவும் இல்லை. ஏற்கெனவே விழுந்து எலும்பை முறித்தவருக்குப் பகலெல்லாம் தேங்கும் மருந்தைக் கொடுக்க எனக்கு மனமில்லை. லோராசிபாமையே நேரடியாகக் குறைப்பது என்று முடிவு செய்தோம்.

குறைத்த விதம்

2025-ல் அமெரிக்கப் போதைப்பழக்க மருத்துவச் சங்கமும் வேறு பல மருத்துவ அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், முதலில் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைத்துப் பார்க்கச் சொல்கிறது. எந்த இரண்டு வாரத்திலும் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இவருக்கு ஒரு 1 மி.கி. மாத்திரை, மீதிக்கு 0.5 மி.கி. மாத்திரைகள் என்று பிரித்துக்கொண்டோம். 0.5-ஐ நாலாக வெட்டினால் ஒரு துண்டு 0.125 மி.கி. இரண்டு வாரத்துக்கு ஒரு துண்டு குறைப்பு.

வெட்டுவது சொல்வதற்கு எளிது. சமையலறைக் கத்தியால் வெட்டினால் ஒரு துண்டு பெரிதாகவும் ஒன்று தூளாகவும் வரும். மாத்திரை வெட்டும் சிறு பெட்டி வாங்கச் சொன்னோம். அதிலும் நாலு துண்டு நாலு விதம்தான். அவர் கண்டுபிடித்த வழி: ஒரு மாத்திரையின் நாலு துண்டையும் ஒரே காகிதப் பொட்டலத்தில் வைத்து, அது முடிந்த பிறகுதான் அடுத்ததை வெட்டுவது. ஒருநாள் கூடினால் மறுநாள் குறையும், நாலு நாளில் கணக்கு சரியாகிவிடும். பொட்டலத்தின்மேல் தேதி. கோடுபோட்ட பேரேட்டு நோட்டில் இடப்பக்கம் அளவு, வலப்பக்கம் தூங்கிய நேரம். நாங்கள் கொடுத்த தூக்க நாட்குறிப்பு அச்சுப்படிவத்தை அவர் திறக்கவே இல்லை, தேவையும் இருக்கவில்லை. நீண்டநேர வெளியீட்டு மாத்திரைகளை இப்படி வெட்டக் கூடாது. வெட்டினால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

பின்வாங்கி ஏறுவதில்லை என்பது ஒரே விதி. கஷ்டமாக இருந்தால் இருக்கும் படியிலேயே நிற்கலாம், எத்தனை வாரம் வேண்டுமானாலும். ஆனால் மூன்று விஷயம் நடந்தால் விதியெல்லாம் கிடையாது, நேரே மருத்துவமனை: வலிப்பு, புதிய மனக்குழப்பம், இல்லாததைப் பார்ப்பது அல்லது கேட்பது. இதைப் பெரிய எழுத்தில் எழுதி மருந்து டப்பாவின் மூடியில் ஒட்டினார் மகள்.

கட்டிலில் இருந்த ஒன்பதரை மணி நேரம்

நோட்டைப் பார்த்ததும் வேறொரு விஷயம் வெளிச்சமானது. இரவு 8.30-க்குப் படுக்கை. காலை 6-க்கு எழுதல். கட்டிலில் ஒன்பதரை மணி நேரம், தூக்கம் ஐந்தே முக்கால். மதியம் சாய்வு நாற்காலியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேறு. வயதானால் ஆழ்தூக்கம் குறையும், விழிப்பு கூடும், உடலின் கடிகாரம் முன்னால் நகரும். ஆறு மணி நேரத் தூக்கத்தை ஒன்பதரை மணி நேரப் படுக்கையில் பரப்பினால் நடுநடுவே ஓட்டை விழத்தான் செய்யும்.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மருந்தல்ல, தூக்கத்துக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (படுக்கைப் பழக்கங்களையும் தூக்கத்தைப் பற்றிய எண்ணங்களையும் மாற்றும் முறை) என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-ல் சொன்னது. மாத்திரையைக் குறைக்கும்போது இதைச் சேர்ப்பதால் என்ன வித்தியாசம் என்பதற்குக் கனடாவில் 2003-ல் ஒரு ஆய்வு இருக்கிறது. படிப்படியாகக் குறைத்தது மட்டும் என்றால் 38 சதவீதம் பேர் நிறுத்தினார்கள், இந்தச் சிகிச்சையும் சேர்ந்தபோது 77 சதவீதம்.

ஆனால் புத்தகத்தில் உள்ளபடி செய்தால் இவருக்கு ஆபத்து. படுக்கை நேரத்தை ஒரேயடியாக வெட்டினால் பகலில் தூங்கி விழுவார். அதனால் வாரத்துக்கு அரை மணி நேரமாகச் சுருக்கினோம். கடைசியில் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை. 'தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போ' என்பது இன்னொரு விதி. இருட்டில் விழுந்தவரிடம் அதைச் சொல்ல முடியுமா? கட்டில் பக்கத்திலேயே கைப்பிடியுள்ள நாற்காலி, தரையை ஒட்டி ஒரு மங்கல் விளக்கு. அதில் உட்கார்ந்தால் போதும் என்று மாற்றினோம். மதிய உறக்கம் அரை மணி, மூன்று மணிக்கு முன்னால்.

இதில் நாங்கள் எதிர்பாராத சிக்கல் ஒன்று வந்தது. 8.30 முதல் 10.30 வரை என்ன செய்வது? வேலையை விட்ட பிறகு அவர் மாலைகளில் ஒன்றுமே இல்லை. எட்டு மணிக்கு மாத்திரை, எட்டரைக்குக் கட்டில், நாள் முடிந்தது. ஒன்பது வருடமாக அந்த மாத்திரை தூக்கத்தைவிட அந்த வெறுமையைத்தான் மூடியிருந்தது என்று நினைக்கிறேன். முதல் சில வாரம் இரண்டு மணி நேரமும் சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததாக மனைவி சொன்னார். பிறகு தொலைபேசியில் பழைய சக ஊழியர் ஒருவரோடு சதுரங்கம் ஆடத் தொடங்கினார். அது எங்கள் யோசனை இல்லை.

1.5 மி.கி.யில் ஒரு தடங்கல்

நாலு படி சுமுகமாக இறங்கினார். 1.5-க்கு வந்த மூன்றாம் நாள் எரிச்சல், காதில் இரைச்சல், நள்ளிரவு இரண்டு மணிக்குப் படபடப்போடு விழிப்பு. மனைவி கூப்பிட்டார். இரண்டு இரவு அரை மாத்திரை அதிகமாகப் போட்டதைக் கணவர் தன் நோட்டிலும் எழுதியிருந்தார், மறைக்கவில்லை. திட்டினால் அடுத்த தடவை எழுத மாட்டார் என்பதால் எழுதியதற்கு நன்றி சொன்னோம்.

இது விலகலா, பழைய தூக்கமின்மையா, புதிய பதற்ற நோயா? நாடித் துடிப்பும் அழுத்தமும் பார்த்தோம், சோடியத்தை மறுபடி சோதித்தோம், சிறுநீர்த் தொற்று இல்லை என்று உறுதிப்படுத்தினோம். துப்புக் கொடுத்தது காலம்தான். விலகல் என்றால் அளவு குறைத்த சில நாளில் ஏறி, அதே அளவில் இருந்தால் மெல்ல இறங்கும். அடிப்படை நோய் என்றால் படிகளோடு சம்பந்தமில்லாமல் நிலைத்து நிற்கும். காதிரைச்சலும் ஒலி பொறுக்காமையும் விலகலில்தான் அடிக்கடி வரும். 1.5-லேயே கூடுதலாக நாலு வாரம் நின்றார். இரண்டாம் வார முடிவில் இரைச்சல் தணிந்தது. அந்த வாரங்களில் மகள் வந்து தங்கினார், அம்மா அடுத்த அறையில் தூங்கினார்.

இடையில் உறவினர் ஒருவர் "சாதாரண அலர்ஜி மாத்திரைதான், நல்லா தூக்கம் வரும்" என்று டைபென்ஹைட்ரமின் வாங்கிக் கொடுத்திருந்தார். இந்த இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். ஒன்றை எடுத்துவிட்டு அமிட்ரிப்டிலின், குவெட்டியாபின், பழைய அலர்ஜி மாத்திரை என்று இன்னொன்றைப் போடுவது. வாய் உலரும், சிறுநீர் அடைக்கும், குழப்பம் கூடும், எழுந்தால் தலைசுற்றும். விழுவதற்குப் புதுக் காரணம் ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான். அதை வாங்கி வைத்துக்கொண்டோம்.

கடைசிக் கால்பங்கு

1 மி.கி.க்குக் கீழே மூன்று வாரத்துக்கு ஒரு படி என்று நிதானப்படுத்தினோம். 0.5-க்கு வந்ததும் துண்டுக் கணக்கு கைவிட்டது. 0.5-லிருந்து ஒரு துண்டு என்றால் கால்வாசி. "இவ்வளவு தூரம் வந்தாச்சு, இனிமே தூக்கிப் போட்டுடலாமே" என்று அவரே கேட்டார். பலர் இங்கேதான் விட்டுவிட்டுத் திரும்பவும் முழு அளவுக்குப் போகிறார்கள். ஏற்பிகளை மருந்து நிரப்பும் கணக்கு நேர்க்கோடு அல்ல. அதிக அளவில் கொஞ்சம் குறைத்தால் விளைவு சிறிதாக மாறும். குறைந்த அளவில் அதே துண்டைக் குறைத்தால் விளைவு பெரிதாக மாறும். அதனால் குறைப்பதை மி.கி.யில் எண்ணாமல், அப்போது எடுக்கும் அளவில் எத்தனை சதவீதம் என்று எண்ண வேண்டும்.

மருந்தாளுநர் திரவமாகத் தயாரித்துக் கொடுத்தார். ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அப்போதைய அளவில் பத்தில் ஒரு பங்கு குறைப்பு. இந்தப் பகுதி மட்டுமே ஏறக்குறைய ஏழு மாதம். மிகவும் மெதுவாகத் தோன்றலாம். ஆனால் இந்த ஏழு மாதத்தில் ஒருநாளும் அவர் எங்களை அவசரமாகக் கூப்பிடவில்லை. 0.1 மி.கி.க்கு அருகில் வந்ததும் நிறுத்தினோம். நிறுத்திய வாரத்தில் இரண்டு இரவு சரியில்லை, பிறகு வழக்கம்போல.

விளைவு

நிறுத்தி ஆறு மாதம் கழித்து: எழுந்து நடந்து திரும்ப 11 விநாடி. நிற்கும்போது அழுத்தம் 8 மட்டுமே குறைகிறது. அறிவாற்றல் சோதனை 25. தூக்கமின்மைக் குறியீடு 9. தூக்கம் சராசரியாக ஆறு மணி நேரம், இரவில் ஒன்றிரண்டு விழிப்பு. விழவில்லை.

22 எப்படி 25 ஆயிற்று என்பதை மாத்திரையின் கணக்கில் மட்டும் எழுத மாட்டேன். சோடியம் சரியானது, குளோர்பெனிரமின் போனது, அதே சோதனையை இரண்டாம் முறை எழுதும் பழக்கம், எல்லாம் அதில் உண்டு. நீண்ட நாள் பென்சோடயசிபைன் டிமென்ஷியாவை உண்டாக்குகிறதா என்பதும் இன்னும் சர்ச்சையில்தான் இருக்கிறது. அதைச் சொல்லி நோயாளிகளைப் பயமுறுத்துவது எனக்குப் பிடிக்காது. விழுவது, பகல் மந்தம், எலும்பு முறிவு, இவையே போதுமான காரணம்.

யாருக்கு இது பொருந்தாது

வலிப்பு நோய் உள்ளவர், முன்பு நிறுத்தியபோது வலிப்போ மனக்குழப்பமோ வந்தவர், மது அதிகம் குடிப்பவர் ஆகியோருக்கு வீட்டிலிருந்தபடி இப்படிக் குறைக்கக் கூடாது. உள்நோயாளியாக, நிபுணர் பார்வையில் செய்ய வேண்டும். வாழ்வின் கடைசிக் கட்டத்தில் இருப்பவரிடம் இந்தப் பேச்சையே எடுக்கத் தேவையில்லை.

இன்னொன்றும் உண்டு. நிலையாக நீண்ட நாள் பென்சோடயசிபைன் எடுத்துவந்தவர்களில் நிறுத்தியவர்களையும் தொடர்ந்தவர்களையும் ஒப்பிட்டு அமெரிக்கக் காப்பீட்டுத் தரவுகளிலிருந்து ஒரு ஆய்வு 2023-ல் வந்தது. நிறுத்தியவர்களிடம் இறப்பு கூடுதலாக இருந்தது, ஏறக்குறைய 1.6 மடங்கு. எப்படி, எவ்வளவு வேகமாக, எந்தக் காரணத்துக்காக நிறுத்தினார்கள் என்பதைக் காப்பீட்டுத் தரவு சொல்லாது. நோய் முற்றியதால் நிறுத்தப்பட்டவர்களும் அதில் இருக்கலாம். ஆனாலும் எல்லோருக்கும் கட்டாயமாக நிறுத்து என்று உத்தரவு போடும் நிர்வாகங்கள் அதைப் படிக்க வேண்டும். நோயாளி ஒப்புக்கொள்ளாமல் சீட்டை மறுப்பது சிகிச்சை அல்ல.

எல்லோரும் பூஜ்யத்துக்கு வருவதும் இல்லை. 2 மி.கி.யிலிருந்து 0.5-க்கு இறங்கி, அதற்குக் கீழே போக முடியாமல் நின்றுவிடுபவர்கள் உண்டு. அவர்களைத் தோல்விக் கணக்கில் எழுதுவதில்லை. நாலில் ஒரு பங்கு மருந்தோடு நேராக நடக்கிறார்கள் என்றால் அங்கேயே நிறுத்தி, ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்கிறோம்.